கோலா மூடா சேற்றுக்கரையில் நான்கு நாள்

முதல் நாள் – ஜனவரி 16, வெள்ளி

நேற்று பொங்கல். பானை பொங்கி இறக்கிய கையோடு பையைக் கட்டினேன். இன்று காலை கே.எல். சென்ட்ரலில் ரயில் ஏறி, நான்கு மணி நேரத்தில் பட்டர்வொர்த் வந்து சேர்ந்தாயிற்று. மாக் மண்டினில் அத்தை வீட்டில் தங்கல்.

அத்தை என் பையைத் திறந்து பார்த்தார். ரப்பர் பூட்ஸ், பைனாகுலர், பழைய துண்டு இரண்டு, அம்மா கொடுத்தனுப்பிய சர்க்கரைப் பொங்கல்.

"பறவை எண்ணவா இவ்வளவு தூரம் வந்த? கோலாலம்பூர்ல பறவையே இல்லையா மா?"

இருக்கிறது அத்தை, ஆனால் சைபீரியாவிலிருந்து பறந்து வந்து சேற்றில் இரை தேடும் பறவைகளை என் அடுக்குமாடி ஜன்னலிலிருந்து பார்க்க முடியாது என்றேன். "சேத்துல என்னா இருக்குன்னு அம்புட்டுத் தூரத்துல இருந்து வருது?" என்றார். அந்தக் கேள்வியைத்தான் நானும் மூன்று ஆண்டுகளாக மனதில் வைத்திருக்கிறேன்.

ஜனவரி வந்தால் ஆசியா முழுவதும் நீர்ப்பறவைகளை எண்ணுவார்கள். 1987இல் தொடங்கிய கணக்கெடுப்பு இது. எண்ணுகிறவர்களில் பெரும்பாலோர் தன்னார்வலர்கள். தெரிந்தவரோடு தெரியாதவரும் போய்க் கற்றுக்கொள்ளலாம் என்பதால்தான் எனக்கும் இடம் கிடைத்தது. எங்கள் குழுவுக்கு வாய்த்தது தெலுக் ஆயர் தாவாரிலிருந்து கோலா மூடா வரை நீளும் கரையில் ஒரு துண்டு.

பினாங்கு என்றதும் எல்லாருக்கும் தீவும் கொம்தாரும் தண்ணீர்மலையும்தான் நினைவுக்கு வரும். இந்தக் கரை பெருநிலத்துப் பக்கம், பட்டர்வொர்த்துக்கு வடக்கே. அதன் வடக்குக் கோடியில் மூடா ஆறு கடலில் கலக்கிறது. ஆற்றைத் தாண்டினால் கெடா. ஆறு சுமந்து வரும் வண்டல் அலை குறைந்த இந்தக் கடலோரத்தில் படிந்து படிந்து பரந்த சேற்றுவெளி ஆகியிருக்கிறது. பின்னால் நெல்வயல், இறால் குளம், மீனவர் கம்பம் (கிராமம்). உலக அளவில் பறவைகளுக்கு முக்கியமான இடங்களின் பட்டியலில் இந்தக் கரைக்குப் பெயர் உண்டு. அந்தப் பட்டியல் ஒரு மதிப்புதான், சட்டம் ஆகாது. அதனால்தான் எண்ணிக்கை தேவைப்படுகிறது என்று குழுத் தலைவி முதல் பத்து நிமிடத்திலேயே சொல்லிவிட்டார். அவர் ஓய்வுபெற்ற ஆசிரியை. எல்லாரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

மாலை நான்கரைக்கு பாகான் பெலாட் பக்கம் போனோம். கடல் நன்றாக வற்றிக் கிடந்தது. எனக்கு எதுவுமே தெரியவில்லை. கண்ணுக்கு எட்டிய வரை சாம்பல் நிறச் சேறு, வெயில் பட்டு மின்னும் நீர்க்கோடுகள், தூரத்தில் இரண்டு கொக்கு. "பார்த்துக்கிட்டே இருங்க" என்றார் டீச்சர். ஐந்து நிமிடம் போயிருக்கும். மண்கட்டி என்று நான் நினைத்திருந்தவை ஓட ஆரம்பித்தன. ஒன்று ஓடியதும் பக்கத்தில் இன்னொன்று. கண் பழகியதும் சேறு முழுக்கப் பறவை.

இறகு நிறத்தைப் பார்க்காதீர்கள், இந்த மாதத்தில் எல்லாம் சாம்பலும் பழுப்புமாகத்தான் இருக்கும். நடையைப் பாருங்கள் என்று சொல்லிக்கொடுத்தார். ஓடும், நிற்கும், குனிந்து ஒரு கொத்து கொத்தும், மறுபடி ஓடும். அப்படியானால் உப்புக்கொத்தி. கண் பெரியது, அலகு குட்டை. கண்ணால் பார்த்துத்தான் இரை பிடிக்கும். தலையைத் தூக்காமல் தையல் மெஷின் ஊசி மாதிரி குத்திக்கொண்டே போனால் உள்ளான். அதற்குக் கண்ணைவிட அலகுதான் பெரிது. அலகின் நுனியில் நரம்பு முனைகள் நெருக்கமாக இருக்கின்றன. சேற்றுக்குள் புழு இருக்கும் இடத்தைத் தொட்டே அறிந்து, முழு வாயையும் திறக்காமல் அலகு நுனியை மட்டும் விரித்து இழுத்துவிடும்.

ஸ்கோப்பில் (முக்காலியில் நிறுத்தும் தொலைநோக்கி) ஒரு குதிரைமலைக் கோட்டானைக் காட்டினார். கிழக்காசியக் கோட்டான், கரைப்பறவைகளிலேயே உலகில் பெரியது இதுதான், அழியும் ஆபத்தில் இருப்பதும்கூட. கீழ்நோக்கி வளைந்த அலகு மட்டும் ஏறக்குறைய ஒரு சாண். நண்டு வளைக்குள் அலகை அடிவரை விட்டு, தலையைப் பக்கவாட்டில் சாய்த்துத் துழாவியது. அதன் காலடியில் செங்கழுத்துக் கொசு உள்ளான்கள். ஒன்றின் எடை ஏறக்குறைய 25 கிராம்தான். பெயரில்தான் செங்கழுத்து, அந்தச் சிவப்பு வடக்கே திரும்பும் காலத்தில்தான் ஏறும். இவை சேற்றின் மேல் படியும் கண்ணுக்கே தெரியாத பாசிப் படலத்தைக்கூட நக்கி எடுத்துத் தின்னும் என்றார் டீச்சர். கோட்டானுக்கு ஒரு சாண் ஆழம், நீள அலகு மூக்கனுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு, உள்ளானுக்கு விரல்நுனி ஆழம், கொசு உள்ளானுக்கு வெறும் மேல்தோல். ஒரே இடத்தில் இத்தனை பந்தி.

சின்ன வயதில் அப்பா எங்களை கர்னி டிரைவுக்கு பசெம்போர் சாப்பிடக் கூட்டிப்போவார். கடல் வற்றியிருந்தால் தடுப்புச்சுவருக்கு அப்பால் சேறு தெரியும். அதில் சின்னச் சின்னப் பழுப்புப் பறவைகள் ஓடும். குருவி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அந்த இடத்தில் கடலைத் தூர்த்துப் பூங்கா கட்டியிருக்கிறார்கள். நான் பார்த்தது என்ன பறவை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. இனி அங்கே போய்ச் சரிபார்க்க முடியாது.

இரண்டாம் நாள் – ஜனவரி 17, சனி

விடியும் முன்னே வேனில் தெற்கே புறப்பட்டோம், நிபோங் தெபால் தாண்டி சுங்கை ஆச்சேவுக்கு. பினாங்குக் கரையோர மீனவர் நலச் சங்கத்தார் 1990களிலிருந்து அலையாத்தி நட்டு வரும் இடம். அவர்கள் தொடங்கிய காரணம் எளிது. கரையில் மரம் போனதும் இறாலும் நண்டும் குறைந்தன. இறாலும் மீன்குஞ்சும் அந்த வேர்களுக்கு இடையில்தான் வளர்கின்றன என்பதைப் புத்தகம் படித்தா அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்? 2004 டிசம்பர் சுனாமியில் நம் நாட்டில் அதிகம் பேரை இழந்த மாநிலம் பினாங்கு. அதற்குப் பிறகு கரையோர மரங்களை ஊரே வேறு கண்ணோடு பார்க்கத் தொடங்கியது.

எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பாக் சிக், அதாவது மலாயில் மாமா. கையில் ஒரு கட்டு பாக்காவ் என்ற அலையாத்தி மர நாற்று. நாற்று என்றால் விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய் மாதிரி நீண்டு தொங்குவது. தலைப்பக்கத்தைக் கையில் பிடித்து, கூர்முனையைச் சேற்றில் மூன்றில் ஒரு பங்கு இறக்கி, சுற்றிலும் கட்டைவிரலால் அழுத்தினார். "கதவைத் தட்டுற மாதிரி மெதுவா. குத்தினா முனை ஒடிஞ்சிடும்" என்றார் மலாயில். எனக்கு முழங்கால் வரை புதைந்தது. ஒரு பூட்ஸ் உள்ளேயே நின்றுவிட, இரண்டு பேர் பிடித்து இழுத்தார்கள். கடல் திரும்பி ஏற ஆரம்பித்துவிட்டதால் இரண்டு மணி நேரம்தான் கிடைத்தது.

நட்டு முடித்துத் தே தாரிக் குடிக்கும்போது, என்னோடு வந்திருந்த கல்லூரி மாணவர் ஒருவர் ஆர்வத்தில், நேற்றுப் பார்த்த வெளியிலும் இதே மாதிரி வரிசையாக நட்டுவிடலாமே என்றார். டீச்சர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "அங்க மட்டும் நடக்கூடாது தம்பி."

அந்தப் பேச்சை அப்படியே எழுதிவைக்க விரும்புகிறேன், ஏனென்றால் நானும் அந்தத் தம்பியைப் போலத்தான் நினைத்திருந்தேன். அழிந்த அலையாத்திக் காட்டை அது இருந்த இடத்தில் மீட்பது ஒரு வேலை. திறந்த சேற்றுவெளியில் மரம் நடுவது வேறு வேலை. கரைப்பறவை நாலாபுறமும் பார்வை எட்டும் இடத்தில்தான் மேயும். மரம் மறைத்தால் கழுகும் வல்லூறும் வருவது தெரியாது. வேர் பிடித்த சேற்றில் அலகும் இறங்காது. மரம் நட்டேன் என்று படம் எடுத்துப் போடுவது எல்லாருக்கும் பிடிக்கும். சேற்றைச் சேறாகவே விட்டேன் என்று யாரும் படம் போடுவதில்லை. இதுதான் இந்தக் கரையின் சங்கடம் என்று எனக்குப் படுகிறது. காடு வெட்டினால் பார்ப்பவருக்கு வலிக்கும். சேற்றை மூடினால் இடம் சுத்தமானது என்று தோன்றிவிடும்.

கொரியாவில் நடந்ததையும் அவர்தான் சொன்னார். செமாங்கும் என்ற முகத்துவாரத்தின் குறுக்கே 33 கிலோமீட்டர் நீளச் சுவர் எழுப்பி 2006இல் கடலை அடைத்தார்கள். பெரிய நாட் என்ற உள்ளான் வகை ஆயிரக்கணக்கில் இறங்கி இரை எடுத்த இடம் அது. அடைத்த பிறகு அவை பக்கத்துச் சேற்றுக்கு மாறிப் பிழைக்கவில்லை. தெற்கே ஆஸ்திரேலியக் கரையில் எண்ணுகிறவர்களின் கணக்கில் குறைந்துபோயின. அங்கே எண்ணி வைத்திருந்தவர்கள் இருந்ததால்தான் அது தெரிந்தது. அதற்குப் பிறகு மஞ்சள் கடலின் சேற்றுவெளிகளையே யுனெஸ்கோ உலகப் பாரம்பரியம் என்று அறிவித்திருக்கிறது – சீனாவின் பகுதியை 2019இல், கொரியாவின் பகுதியை 2021இல். நம் ஜார்ஜ்டவுனுக்கு 2008இல் கிடைத்த அதே பெயர். கோயிலும் பள்ளிவாசலும் கடைவீடும் பெற்ற பெயரைச் சேறும் பெற்றிருக்கிறது என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

பிற்பகல் வடக்கே திரும்பினோம். கடல் மறுபடி வற்றும் நேரம். இன்றைய இரண்டாவது வேலை, கரையில் ஒதுங்கிய அறுந்த வலைகளை எடுப்பது. நைலான் வலை மக்காது. யாருக்கும் வேண்டாமல் கிடந்தும் அது பிடித்துக்கொண்டேதான் இருக்கிறது. முதல் வலையில் மீன் எலும்பு. இரண்டாவதில் ஆலா என்ற கடற்பறவை ஒன்று, செத்து நாளாகியிருந்தது. மூன்றாவதைத் தூக்கப் போனபோது டீச்சர், "இருங்க, உயிர் இருக்கு" என்றார்.

பெலாங்காஸ். குதிரைலாட நண்டு என்று தமிழில் எழுதுவோம், ஆனால் நண்டு அல்ல. தேளுக்கும் சிலந்திக்கும்தான் நெருங்கிய சொந்தம். டைனோசர்களுக்கு முன்பே, 40 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக இந்தக் கடலோரங்களில் இருக்கும் வம்சம். கவிழ்த்த சட்டி மாதிரி ஓடு, பின்னால் ஈட்டி மாதிரி வால். வலையில் இருந்தது ஒன்றல்ல, இரண்டு. பெரிய பெண்ணின் முதுகு ஓரத்தைச் சின்ன ஆண் கொக்கிக் காலால் பற்றியிருந்தது. அமாவாசை, பௌர்ணமியில் கடல் உயர ஏறும் வெள்ளத்தில் ஜோடியாகக் கரைக்கு வந்து மணலில் முட்டையிடும் உயிர் இது. நாளை அமாவாசை. முட்டையிட வந்த வழியில் மாட்டியிருக்க வேண்டும்.

வாலைப் பிடித்துத் தூக்கக்கூடாது, மூட்டு போய்விடும். ஓட்டின் இரு ஓரத்தையும் பிடிக்க வேண்டும் என்று சொன்னார்கள். நான் பிடித்துக்கொள்ள, மாணவர் நகவெட்டிக் கத்தரியால் ஒவ்வொரு இழையாக வெட்டினார். இழை ஓட்டுக்கு அடியில், கால்களின் இடுக்கில், புத்தகத்தாள் மாதிரி அடுக்கடுக்காக இருந்த செவுள்கள் வரை இறங்கியிருந்தது. அந்தத் தாள்கள் என் விரலுக்கு எதிரே மெதுவாக ஒவ்வொன்றாகத் திறந்து மூடின. ஓரிடத்தில் தோல் கிழிந்து கசிந்த ரத்தம் லேசான நீலம். அந்த நீல ரத்தத்தில் உள்ள ஒரு பொருளை வைத்துத்தான் தடுப்பூசிகளில் நச்சுக் கலப்பு உண்டா என்று பல ஆண்டுகளாகச் சோதித்து வருகிறார்கள். என் பிள்ளைகளுக்குப் போட்ட ஊசிகளை நினைத்துக்கொண்டேன்.

அரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் ஆண் பிடியை விடவே இல்லை. ஈரச் சேற்றில் இறக்கிவிட்டதும் சிறிது நேரம் அசைவில்லை. பிறகு வால் ஒருமுறை தூக்கிச் சாய்ந்தது. பெண் நகர, அதன் முதுகிலேயே ஆணும் போனது. சேற்றில் இரண்டு கோடும் நடுவில் வால் இழுத்த கோடுமாகக் கடல் வரை ஒரு தடம்.

மூன்று மூட்டை வலை சேர்ந்தது. மோட்டாரில் போன ஒரு மீனவர் நிறுத்தி, தன் வீட்டுக்குப் பின்னால் கிடந்த பழைய வலையையும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார். அதை மூட்டையில் சேர்க்கவில்லை, தனியாகக் கட்டினோம்.

மூன்றாம் நாள் – ஜனவரி 18, ஞாயிறு, தை அமாவாசை

அப்பா இந்த ஊர்க்காரர். பட்டர்வொர்த் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அவர் போய் இரண்டு ஆண்டு ஆகிறது. தை அமாவாசைக்குத் தம்பி பந்தாய் பெர்சே கடற்கரையில் தர்ப்பணம் கொடுப்பான் என்பதால் விடியற்காலை அவனோடும் அத்தையோடும் போனேன். நம் ஆட்கள் நிறையப் பேர் வந்திருந்தார்கள். கடல் வற்றிய நேரம். எள்ளும் தண்ணீரும் விடத் தம்பி நெடுந்தூரம் சேற்றில் நடந்துதான் தண்ணீரைத் தொட்டான். திரும்பி வரும்போது கணுக்கால் வரை சேறு. அத்தை சொம்புத் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டுச் சொன்னார்: "உங்கப்பன் வேலை இல்லாத நாள்ல இங்கதான் கெராங் சிப்பி பொறுக்குவான். சேத்துல கால வச்சாத்தான் சோத்துல கை வைக்க முடியும்னு எங்கம்மா சொல்லும். வயலுக்குச் சொன்னது. எங்களுக்கு இதுதான் வயலு."

பிண்டத்துக்குக் காக்கை உடனே வந்தது. நம் வீட்டுக் காக்கை இந்த நாட்டுப் பறவை அல்ல. 1890களில் காப்பித் தோட்டத்துப் புழுக்களைத் தின்ன இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவந்து விட்டது. நம் தாத்தாமாரைப் போலவே தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்த பறவை. சோற்றைக் கொத்திப் போனதும் அத்தை கையெடுத்துக் கும்பிட்டார்.

ஒன்று சொல்லியாக வேண்டும். எங்களைச் சுற்றி இருந்தவர்களில் பலர் பூவையும் பழத்தையும் பிளாஸ்டிக் பையோடு போட்டுவிட்டுப் போனார்கள். அகல் விளக்கு வைத்த பிளாஸ்டிக் தட்டு மிதந்தது. நேற்று மூன்று மூட்டை கட்டிய கை எனக்கு. பார்த்துக்கொண்டு இருக்க முடியவில்லை. நானும் தம்பியும் எடுத்தோம். ஒரு பெரியவர், "பித்ருக்களுக்கு விட்டத எடுக்கலாமா மா?" என்றார். பூவையும் எள்ளையும் இலையையும் விட்டுவிடுகிறேன் ஐயா, பையை மட்டும்தான் எடுக்கிறேன் என்றேன். யோசித்தார். பிறகு தன் பையைத் தானே போய் எடுத்துவந்தார். முன்னோருக்குக் கொடுப்பதை வாழையிலையில் கொடுத்துப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்துக்குத் திரும்புவது கஷ்டமே இல்லை.

பத்து மணிக்குக் குழுவோடு சேர்ந்தேன். இன்றுதான் கணக்கு. அமாவாசை வெள்ளம் உயரமாக ஏறும். நண்பகலை ஒட்டி உச்சம். கடல் ஏற ஏறச் சேறு சுருங்கும், பரந்து மேய்ந்த பறவைகள் எல்லாம் கரைப்பக்கம் ஒதுங்கி, மூழ்காத ஒரு திட்டில் நெருக்கியடித்து நிற்கும். அப்போது எண்ண வேண்டும். முதலில் பத்தை எண்ணிக் கண்ணில் அந்தப் பத்தின் அகலத்தைப் பிடித்துக்கொண்டு, அதே அளவால் கூட்டத்தை அளந்துகொண்டே போக வேண்டும். கூட்டம் பெரிதானால் நூறு நூறாக. ஒவ்வொரு பத்துக்கும் கிளிக்கரில் ஓர் அழுத்து.

இறால் குளங்களுக்குப் பக்கத்தில் தடுப்புக்கரையின் இந்தப் பக்கம் குனிந்து உட்கார்ந்தோம். எதிரே மணல்திட்டில் பறவைக் கம்பளம். எல்லாம் காற்றைப் பார்த்து ஒரே திசையில் நின்றன. பாதி ஒற்றைக்காலில், அலகை முதுகில் செருகிக்கொண்டு. கருவால் மூக்கன், பவளக்காலி, மணல் உப்புக்கொத்தி. அந்த உப்புக்கொத்தியில் பெரும்பாலும் திபெத் மேட்டுநிலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு வருபவை. பனிமலை உச்சியிலிருந்து பாகான் பெலாட் சேற்றுக்கு. ஒரு வளைமூக்கு உள்ளானின் காலில் ஆரஞ்சு நிறச் சிறு கொடி தெரிந்தது. டீச்சரின் குரலே மாறிவிட்டது. ஆரஞ்சு என்றால் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாவில் யாரோ ஒருவர் கையில் பிடித்து, எடை பார்த்து, கொடி மாட்டி விட்ட பறவை.

பிறகு பச்சைக்காலிகளின் நடுவே ஒன்றைக் காட்டினார். கொஞ்சம் குட்டைக் கால், மஞ்சள் சாயல். அலகு தடித்து, அடிப்பாகம் மஞ்சளும் நுனி கறுப்புமாக. நார்ட்மன் பச்சைக்காலி. ரஷ்யாவின் ஓகோட்ஸ்க் கடலோரத்தில் மட்டுமே குஞ்சு பொரிப்பது, அதுவும் கரைப்பறவையாக இருந்துகொண்டு மரத்தில் கூடு கட்டுவது. உலகத்திலேயே சில ஆயிரத்துக்கு மேல் கிடையாது. அவற்றில் ஒன்று, அப்பா கெராங் பொறுக்கிய கரைக்குச் சில கிலோமீட்டர் தள்ளி, ஒரு கண்ணை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது.

அடுத்து நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன். எனக்குக் கொடுத்தது உப்புக்கொத்திகள். கிளிக்கர் 34 காட்டியது, அதாவது 340 பறவை. திட்டின் வலது ஓரத்தை ஒரு புதர் மறைத்தது. இரண்டடி நகர்ந்து, தெரியாததால் தடுப்புக்கரையின் உச்சியில் ஏறி நின்றேன். முக்காலியைக்கூட நான் இன்னும் விரிக்கவில்லை. வானத்துக்கு எதிரே என் உருவம் எழுந்ததும் ஓர் ஊதல் ஒலி, அதன் பின் மொத்தத் திட்டும் எழும்பிவிட்டது. அத்தனை சிறகும் ஒரே நேரத்தில் அடிக்கும் சத்தம், தகரக் கூரையில் மழை இறங்குவது போல. அழகாகக்கூட இருந்தது. அந்த அழகு எனக்கு அருவருப்பாகிவிட்டது, ஏனென்றால் அவற்றுக்கு இறங்க இடமில்லை. சேறு முழுக்கத் தண்ணீர். திட்டு ஒன்றுதான் மிச்சம், அதன் எதிரே நான்.

யாரும் திட்டவில்லை. "கீழ வந்து உட்காருங்க" என்றார் டீச்சர், அவ்வளவுதான். உட்கார்ந்தேன். கூட்டம் கடல்மேல் போய்த் திரும்பியது, மறுபடி போய்த் திரும்பியது. கடிகாரத்தைப் பார்த்தேன், இருபது நிமிடத்துக்கு மேல். இந்தப் பறவைகளுக்குப் பறப்பதற்கான கொழுப்புதான் எல்லாம். பட்டைவால் மூக்கன் ஒன்று 2022இல் அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டரை 11 நாளில் இறங்காமல் பறந்தது. பிறந்து ஐந்து மாதமே ஆன குஞ்சு. அந்த மாதிரிப் பயணத்துக்கு முன் குடலையே சுருக்கிக்கொண்டு கொழுப்பை ஏற்றிக்கொள்ளும் உடம்பு. ஒரு புழு, ஒரு புழுவாகச் சேர்த்தது. அதில் இருபது நிமிடத்தை நான் செலவழித்துவிட்டேன். ஒரு நாளில் என்னைப் போல் பத்துப் பேர் வந்தால், ஒரு நாய் அவிழ்த்து விடப்பட்டால், ஒரு ட்ரோன் பறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இனி எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.

கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. உப்புக்கொத்திகளை முதலிலிருந்து எண்ணினேன். பச்சைக்காலிகளும் வந்தன. மஞ்சள் அலகை மூன்று பேர் ஸ்கோப்பில் தேடினோம். கடல் இறங்கத் தொடங்கும் வரை தேடினோம். கிடைக்கவில்லை.

நான்காம் நாள் – ஜனவரி 19, திங்கள்

மதியம் ரயில். காலையில் அத்தை வீட்டுச் சமையலறை மேசையில் கணக்குத் தாளை நிரப்ப உட்கார்ந்தோம். டீச்சரே பசியாற வந்திருந்தார். அத்தை இட்லி வைத்துவிட்டு எங்களுக்குப் பின்னால் நின்று, ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டுப் படிக்கச் சொன்னார். பவளக்காலி என்ற பெயர் அவருக்குப் பிடித்துப்போனது. "பேரப்புள்ளைக்கு வைக்கிற மாதிரி இருக்கே" என்றார்.

நார்ட்மன் பச்சைக்காலி – 1. எழும்புவதற்கு முன் நான்கு பேர் பார்த்ததால் எழுதலாம் என்றார் டீச்சர். உப்புக்கொத்திகளுக்கு என் இரண்டாவது கணக்கைத்தான் எழுதினோம். நின்றுபோன 340ஐ எழுதவில்லை.

தாளின் கடைசியில், இடத்துக்கு வந்த இடையூறுகளை எழுத ஒரு பகுதி. அறுந்த வலை என்று எழுதினோம். குப்பை என்று எழுதினோம். டீச்சர் பேனாவை மூடப் போனார், நான் வாங்கிக்கொண்டேன். நண்பகல், உயர்வெள்ளத்தில், ஒருவர் தடுப்புக்கரை மீது ஏறி நின்றார். மொத்தக் கூட்டமும் எழும்பியது. 20 நிமிடம் இறங்கவில்லை என்று எழுதினேன். யார் என்று கேட்க அதில் கட்டம் இல்லை. பக்கத்து ஓரத்தில் என் பெயரை எழுதிக் கொடுத்தேன்.